எண்ணூர் மனையின் வடகிழக்கு மூலை

பேய், பிசாசு, ராசியில்லாத இடம், இதையெல்லாம் நான் நம்பியதே இல்லை. நம்பாதது மட்டுமில்லை, மற்றவர்கள் நம்பியதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். காலி மனையைத் தேடிப் பிடித்து வாங்குவது, கொஞ்சம் சுத்தம் செய்து லாபத்துக்கு விற்பது, இதுதான் என் தொழில். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருக்குத்து மனை, யாரோ தூக்குப் போட்டுக்கொண்ட வீடு இடிந்துபோன மனை, மூன்று பேர் வாங்கி மூன்று பேரும் நொடித்துப்போன மனை என்று ஊர் எதையெல்லாம் ஒதுக்குகிறதோ அதையெல்லாம் நான் மோப்பம் பிடித்துப் போய்ப் பேசி முடிப்பேன். பயந்தவன் குறைத்து விற்பான், பயமில்லாதவன் வாங்குவான், அவ்வளவுதான் சூட்சுமம். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

மனைக்குப் போவதற்கு முன்னால் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

எங்களுக்குச் சொந்த ஊர் தெற்கே. அப்பா காலத்தில் திருவொற்றியூருக்கு வந்து மளிகைக் கடை போட்டோம். என் மனைவி தங்கம் உடன்குடிப் பக்கத்துப் பெண். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. தங்கம் மயக்கத்தில் இருந்தாள், அவளிடம் காட்டக்கூட இல்லை, நர்ஸம்மா வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார். பச்சைக் குழந்தையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பேர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது, பெண்கள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள், புதைத்தவர்களும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நான் தனியாக ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன். சுடுகாட்டு வாசலில் மண்வெட்டியோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும், "இப்டி குடுத்துட்டு போ நைனா, நீ பாக்க வாணாம், மன்சு தாங்காது" என்று கையை நீட்டினான். நான் கொடுத்துவிட்டேன். அவன் கையில் ரூபாயையும் வைத்துவிட்டு அதே ஆட்டோவில் ஏறி வந்துவிட்டேன். உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவனிடம் கொடுத்தது சரக்கு மூட்டை இல்லை, என் பிள்ளை.

மூன்றாம் நாள் தங்கம் கேட்டாள். "எங்க வச்சிட்டு வந்தீய?"

"வேப்பமரத்து நிழல்ல" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பாள். எந்தப் பக்கம், மரத்துக்குக் கிழக்கேயா மேற்கேயா, ஒரு தரம் பால் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேனே என்பாள். பெண்கள் போகக்கூடாது என்று நான் வாயை அடைத்துவிடுவேன். ஒரு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது என்னிடம் சொல்லாமல் தனியாகப் போய்விட்டாள். சாயங்காலம் நான் வந்ததும், "அங்க வேப்பமரமே இல்லியே" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. அதோடு சரி, அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். எங்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை. அவள் என்னைக் கழுவி ஊற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மனைத் தொழிலுக்கு வந்தேன். நாள் முழுக்க வெளியே சுற்றலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது மனைக்கு வருகிறேன்.

போன சித்திரையில் எண்ணூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் கண்டெய்னர் யார்டுகளின் சுவர், ஒரு பக்கம் மட்டும் வழி, நல்ல சதுரமான மனை ஒன்று கண்ணில் பட்டது. நான் மனை தேடுவது உச்சி வெயிலில்தான், அப்போதுதான் தரையின் மேடு பள்ளம் தெரியும், அக்கம்பக்கத்தில் கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. அந்தப் பகுதியில் காலி இடம் என்றால் கட்டட இடிசல், டயர், நிலக்கரித் தூசி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படலம் சாம்பல். இந்த மனையிலும் அதெல்லாம் இருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் நான்கைந்து கட்டில் போடும் அளவு இடம், பெருக்கிவிட்ட வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. காலி மனையில் ஒரு இடம் சுத்தமாக இருந்தால் யாரோ உரிமை கொண்டாடுகிறார்கள் என்று அர்த்தம், அதைத்தான் நாங்கள் முதலில் விசாரிப்போம்.

சொந்தக்காரர் ஏழுமலை, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவர், என் வயதுதான் இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். விலையும் நான் நினைத்ததைவிடக் குறைவு. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாமு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அந்த மூலைல மட்டும் கை வெக்காத. மின்ன அங்க எங்காளுங்க குடிசைங்க இருந்துச்சி, உப்பளத்துல வேல செஞ்சவங்க. கொயந்த செத்துச்சினா அந்த மூலைலதான் பொதப்பாங்க. சுடுகாட்டுக்கு எட்த்துகினு போவ துட்டு ஏது? பால ஊத்திட்டு வேலைக்குப் பூடுவாங்க."

"எத்தனை இருக்கும்?"

"யாரு எண்ணிக்கினு இருந்தா? மூணு பேரு அட்வான்ஸ் குடுத்துட்டு இத்தக் கேட்டுட்டு ஓடிட்டானுங்க. நீ இன்னா சொல்ற?"

"வைக்க மாட்டேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். மனதுக்குள் ஜேசிபிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே ஆள் தயார், லாரி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த டிரான்ஸ்போர்ட் முதலாளி ஒருவர், வாஸ்து பார்க்காமல் செருப்புகூட வாங்கமாட்டார். வடகிழக்கு மூலை வெட்டுப்பட்ட மனையை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். மூலையைத் தோண்டிச் சமப்படுத்தி ஜல்லி கொட்டிவிட்டால் ஏழுமலைக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான், மறைக்கவில்லை.

அக்ரிமெண்ட் போட்ட மறுவாரம் மூன்று மணிக்கு ஜேசிபி வரச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்கே போய் அளக்க ஆரம்பித்தேன். நான் தனியாகவே அளப்பேன். மூலையில் ஒரு நீள ஆணி அடித்து அதில் டேப்பின் வளையத்தை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டே நடப்பேன். அன்றைக்கு வடகிழக்கு மூலையில் ஆணி நிற்கவில்லை. மண் அவ்வளவு பொலபொலவென்று இருந்தது. பாதி தூரம் போவேன், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும், திரும்பி வந்து அடிப்பேன். இரண்டு முறை இப்படி. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். மூன்றாவது முறை கடைசி வரை டேப் விறைப்பாக நின்றது. அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பினேன்.

மூலையில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கலாம். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, வெயிலில் வேலை செய்கிற பெண்கள் போட்டுக்கொள்கிற மாதிரி.

"ரொம்ப இஸ்க்காத நைனா, அறுந்துடப் போவுது. நான் புட்ச்சிகினு கீறேன்" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. இந்த மூலைக்கு உரிமை கொண்டாடும் ஆள் இவள்தான், கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. டேப்பைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"இந்த இடத்தைப் பெருக்குறது நீங்கதானாம்மா?"

"வேற யாரு கீறாங்க?" என்றாள். வளையத்தை விட்டுவிட்டு உள்ளங்கையால் மண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது வெறும் ரெண்டு நாளு. இது எட்டாம் மாசத்துல பொறந்துச்சி. இது பால் குட்ச்சிகினு இருக்கசொல்ல போயிடுச்சி, இத்தோட அம்மா ஒரு மாசம் இங்கயே பட்த்துகினு இருந்தா." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சுவர் ஓரத்துக்கு வந்தாள். அங்கே கையை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உன்னுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னம்மா உளறுற?" என்றேன்.

"பொட்டப்புள்ள. ஆட்டோல கொண்டாரசொல்ல காலு வெளிய வந்துகினு இருந்துச்சினு உன் கர்ச்சீப்பு எட்த்து சுத்துன. இன்னும் சுத்திக்கினுதான் கீது."

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்தக் கர்ச்சீப் விஷயத்தை நான் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மேலே உங்களிடம் சொல்லும்போதும் விட்டுவிட்டேன், கவனித்திருப்பீர்கள். ஆட்டோ குலுங்கியதில் துணி விலகி ஒரு கால் வெளியே வந்தது. என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத பாதம், தொட்டால் ஐஸ். குளிருமே என்று, செத்த பிள்ளைக்குக் குளிராது என்று தெரிந்தும், என் பையிலிருந்த கர்ச்சீப்பை எடுத்துச் சுற்றினேன். ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அங்க சுடுகாட்டுல இருக்கு. இங்க எப்படி வரும்?" என்றேன்.

"நீ மூஞ்ச திருப்பிக்கினு பூட்ட. யார்னா பாத்துக்கணும்ல?" என்றாள். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, அதுதான் என்னை அறுத்தது.

அப்போது பார்த்து போன் அடித்தது. ஜேசிபி டிரைவர். "அண்ணே, யார்டு தாண்டி லெப்ட்டா ரைட்டா?" என்று கேட்டான். நான் சாலைப் பக்கம் திரும்பினேன். "இன்னிக்கு வேணாம்பா, திரும்பிப் போயிடு" என்றேன். "கிட்ட வந்துட்டேன்ண்ணே, இன்னாண்ணே வெளாடுறியா" என்று கத்தினான். வாடகையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சமாதானம் சொல்லி வைப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பினால் அவள் இல்லை. மூன்று பக்கம் ஆளுயரத்துக்கு மேல் சுவர். வெளியே போக வேண்டுமென்றால் என்னை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

எதிரே யார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் ஓடினேன். இங்கே ஒரு அம்மா இருந்தாளே, எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன்.

"யாரும் வரல சார். நீதான் குந்திக்கினு ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்த. காதுல மிஷின் மாட்டிக்கினு போன்ல பேசுறனு நென்ச்சேன்" என்றார்.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "அப்டி யாரும் கெடியாது மாமு. எங்காளுங்க எல்லாம் வியாசர்பாடி போர்டு வூட்டுக்குப் போயி ரொம்ப வருசம் ஆவுது, அங்க எவனும் வர்றதில்ல. பெருக்குறாங்களா? இன்னா சொல்ற நீ?" என்று அவர்தான் பயந்துபோனார்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, சித்திரை வெயில், ஏழுமலை சொன்ன கதை மனதில் ஊறிக் கிடந்திருக்கிறது, நெஞ்சில் ஒன்பது வருஷமாகக் கிடந்த கர்ச்சீப் அப்படி வெளியே வந்துவிட்டது. நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். இன்றுவரை அந்த அளவுக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது. தங்கம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனையைப் பற்றி இல்லை, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சுடுகாட்டுக்கு உள்ளே போகவே இல்லை, வாசலில் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன், எங்கே வைத்தான் என்று எனக்குத் தெரியாது, வேப்பமரம் பொய், இதைத்தான் சொன்னேன். கால் வெளியே வந்ததையும் சொன்னேன்.

"எந்தக் கர்ச்சீப்பு?" என்றாள்.

"நீலக் கட்டம் போட்டது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னைத் தொட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

மறுநாள் காலையில் அவளை அந்த மனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காமல் ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். சுவர் ஓரத்தில் அந்த இடத்தைக் காட்டினேன். உட்கார்ந்து, மண்ணைத் தடவி, பாலை ஊற்றினாள். மண் அதை உறிஞ்சிக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் சுடுகாட்டுக்குத் தனியாப் போனேம்லா, அன்னைக்கு வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். ஒரு அம்மா வந்து பக்கத்துல உக்காந்தா. சேலைக்கு மேல சட்டை போட்டிருந்தா. எதுக்கு அழுறன்னு கேக்கவே இல்ல. உன் வீட்டுக்காரர நோண்டாத, அவரு காலி மனை வாங்கி விக்கிற வேலைக்குப் போவாரு, அப்படி ஒரு மனைய அளக்கப் போற அன்னைக்கு அவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் கேக்காதன்னா. அதாம் நான் கேக்கல."

காலிச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"மளிகைக் கடைக்காரருக்கு மனை எதுக்குன்னு நினைச்சேன், ஏதோ புத்தி சரியில்லாதவன்னு விட்டுட்டேன். நீங்க கடைய விட்டுட்டு மனை பாக்கப் போறேன்னு சொன்னீயல்லா, அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு உறக்கமே இல்ல."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெரியாத தொழில் எதற்கு என்று அப்பா திட்டினார், தம்பி சண்டை போட்டான். தங்கம் மட்டும் உள்ளே போய் இரண்டு வளையலையும் கழற்றிக்கொண்டு வந்து, முதல் மனைக்கு அட்வான்ஸாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தாள். என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நான் பூரித்துப்போனேன். ஏழு வருஷம் ஒவ்வொரு மனையை அளந்துவிட்டு வரும்போதும் அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நான் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறேன்.

அந்த மனையை என் பேரில் பதிவு செய்துகொண்டேன். டிரான்ஸ்போர்ட் முதலாளி வேறு இடம் பார்த்துக்கொண்டார். விற்காமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் விலை ஏறட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தொழிலை விடவில்லை, இன்னும் மனை தேடிப் போகிறேன், அளக்கிறேன், விற்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் போட்டுக் குடைந்துகொண்டே இருக்கிறது. தங்கம் சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் நான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன், மனைத் தொழில் என்ற எண்ணம் என் கனவில்கூட வந்ததில்லை. இந்தத் தொழிலுக்கு நானாக யோசித்து, நானாக முடிவு செய்துதான் வந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.